வில்லன் வந்தால் எழுந்து நிற்கச் சொன்ன மெஹரம்மா

செவ்வாய்க்கிழமை காலை அம்பத்தூரில் இருக்கும் என் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது காமாட்சியிடமிருந்து போன் வந்தது. காமாட்சி எங்கள் குடியிருப்பில் நாலைந்து வீடுகளில் வேலை செய்பவர். என் வீட்டிலும் அவர்தான், மூன்றாவது மாடியில் மெஹரம்மா வீட்டிலும் அவர்தான். "அக்கா, சீக்கிரம் மேல வாக்கா. அம்மா எய்ந்திரிக்க மாட்டேங்குது" என்றார். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறி ஓடினேன். மெஹரம்மா தூக்கத்திலேயே போயிருந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பெங்களூரில் இருக்கும் அவருடைய மகள் ஷமீமுக்கு நான்தான் சொன்னேன். அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டதும் நானும் அழுதுவிட்டேன்.

நான் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும்போதே குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் செய்தி வந்தது. "நமது குடியிருப்பின் மூத்த உறுப்பினரும், அமைதியே உருவானவரும், யாருக்கும் எந்தத் தொந்தரவும் தராதவருமான திருமதி மெஹருன்னிசா அவர்கள் இன்று காலமானார்கள்" என்று தொடங்கியது. கீழே இன்னொரு வரி. துக்கத்தை முன்னிட்டு, கார் பார்க்கிங்கில் நடந்துவந்த ஞாயிற்றுக்கிழமைப் படக்காட்சிகள் இத்துடன் நிறுத்தப்படுகின்றனவாம்.

அதைப் படித்ததும் என் அழுகை நின்றுவிட்டது. கோபம் வந்துவிட்டது. உயிரோடு இருந்தவரை நிறுத்த முடியாததை, அவர் செத்த செய்தியோடு சேர்த்தே நிறுத்தப் பார்க்கிறார்கள். போதாக்குறைக்கு அமைதியே உருவானவராம்! தொந்தரவு தராதவராம்! மெஹரம்மாவைத் தெரிந்தவர்களுக்கு இது பொய் என்று தெரியும். தெரியாதவர்கள் நம்பிவிடக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் தொந்தரவு தந்தார். யாருக்குத் தர வேண்டுமோ அவர்களுக்குத் தவறாமல் தந்தார்.

மெஹரம்மா பூந்தமல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய அத்தா, அதாவது அப்பா, கடைவீதியில் தையல்கடை வைத்திருந்தார். மெஹரம்மா பள்ளிப்படிப்பு முடித்து, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊராரை ஊராரோடு சேர்த்து வைத்தவர். கணவர் சீக்கிரமே இறந்துவிட்டார். மகளைத் தனியாக ஆளாக்கினார். பிறகு சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கி வந்து சேர்ந்தார். அவருக்குக் கார் கிடையாது. ஆனால் பத்திரத்தில் கார் நிறுத்தும் இடமும் சேர்ந்தே வந்தது. அந்த இடத்தை அவர் என்ன செய்தார் என்பது பின்னால் வருகிறது.

நான் விருதுநகர்ப் பக்கம். ஒரு மென்பொருள் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் வேலை. இங்கே குடிவந்த புதிதில் ஒருநாள் லிஃப்டில் ஏறினேன். உள்ளே கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், தலையில் முக்காட்டோடு, காய்கறிப் பையோடு நின்றிருந்தார். கதவு மூடியதும் மேலே மூலையில் புதிதாகப் பொருத்தியிருந்த கேமராவைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தார். நான் திகைத்துப்போய்ப் பார்த்தேன்.

"இன்னாம்மா, புதுசா?" என்றார். "மேல பாத்து ஒரு சிரிப்பு சிரி. நம்மள ஒருத்தரு பாத்துகினே கீறாரு. பாவம், அவுருக்கும் பொயுது போவ வேணாமா?"

அந்த ஒருத்தர் எங்கள் சங்கத்தின் செயலாளர். ஏதோ ஓர் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் லாரி வராத நாட்களில் நாயாய் அலைந்தவர் அவர்தான். ஆனால் தரைத்தளத்தில் ஒரு சின்ன அறையில் கேமராத் திரைகளை வரிசையாக வைத்து, நடுவே ஒரு சுழல்நாற்காலியைப் போட்டு உட்கார்ந்ததிலிருந்து ஆள் மாறிவிட்டார். மாடிப்படியில் யார் பேசினார்கள், துணி எங்கே காய்கிறது, வேலைக்கு வரும் பெண்கள் எந்த லிஃப்டில் ஏறினார்கள் என்று நோட்டீஸாக வந்துகொண்டே இருக்கும். எங்களில் பலருக்கு அவரைக் கண்டு பயம். மெஹரம்மாவுக்கு அவரைப் பார்த்தால் ஒரே குஷி. "அப்படியே அந்தக் காலத்துப் படத்துலேர்ந்து எறங்கி வந்தாப்புல கீறாரும்மா. ஒரு பூனைக்குட்டி மட்டும் மடியில இல்ல" என்பார்.

அந்தக் காலத்துப் படம் என்று அவர் சொன்னது அறுபதுகளில் வந்த உளவாளிப் படங்களை அல்ல. அந்த உளவாளிப் படங்களைக் கிண்டலடித்து வந்த படங்களை. இதில் அவர் கறாராக இருப்பார். நிஜமான உளவாளிப் படம் என்றால் பாதியில் எழுந்து போய்விடுவார். நையாண்டிப் படம் என்றால் பசி தூக்கம் கிடையாது. தமிழ், இந்தி, ஆங்கிலம், பெயர் தெரியாத ஐரோப்பிய பாஷைகள் எல்லாவற்றிலும் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருந்தார். பெரும்பாலும் இணையத்தில் யாரோ ஏற்றிவைத்த மங்கலான பிரதிகள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடியிருப்பின் பொது அரங்கில் அவற்றைப் போட்டுக் காட்டுவார். முதல் தடவை நான் போனபோது ஏதோ ஓர் இத்தாலியப் படம். கீழே எழுத்து வராது. மெஹரம்மா ஓரமாக மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எல்லாருடைய வசனத்தையும் அவரே தமிழில் பேசினார். அவருக்கு இத்தாலியன் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. திரையில் வில்லன் உலக வரைபடத்தின் முன்னால் நின்று கையை ஓங்கிக் கர்ஜித்தான். மெஹரம்மா அமைதியாகச் சொன்னார்: "டேய், ஒலகத்த நாளைக்கி அயிச்சிக்கலாம். மொதல்ல கரண்டு பில்லு கட்டினியா இல்லியா?" அரங்கம் அதிர்ந்தது. கதாநாயகன் குளிர்கோட்டும் கையுறையுமாகப் பாலைவனத்தில் நடந்து வந்தான். "இன்னா புயுக்கம்டா சாமி! யாருனா ஒரு மோர் குடுங்கடா" என்றார். நானும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

தெரியாத பாஷைக்கு எப்படி இத்தனை பொருத்தமாகப் பேசுகிறீர்கள் என்று பிறகு கேட்டேன்.

"எக்ஸ்சேஞ்சுல தெலுங்கு வரும், மார்வாடி வரும், இன்னான்னமோ வரும். லைன் கெடச்சிதான்னு கேக்கறதுக்குள்ள நாலு வார்த்த காதுல வியும். பாஷ புரிஞ்சா அர்த்தத்துல மயங்கிடுவோம்மா. புரியாங்காட்டி எவன் பொய் சொல்றான்னு கொரல்லியே தெரிஞ்சிபூடும்."

அவர் சொன்ன இன்னொன்றையும் நான் மறக்கவில்லை. "நான்தாம்மா நெஜமான ஒட்டுக் கேட்டவ. அத்தினி வருசம் ஊரு பேசனதெல்லாம் என் காதாலதான் போச்சு. ஜனங்களோட ரகசியம் இன்னா தெரியுமா? ஒடம்பு எப்படி கீது, மய பேஞ்சிதா, எப்ப வருவே. அவ்ளோதான். இத்தப் போயி ஒருத்தன் ஒளிஞ்சிகினு கேக்கறான்னா, அவன் அறிவாளியா, கேனயனா?"

உளவாளி நையாண்டிப் படங்களின் கவர்ச்சி என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கிறேன், எல்லாம் எனக்குத் தெரியும், ஒரு பட்டனை அமுக்கினால் நீ காலி என்று முறைப்பவனை இந்தப் படங்கள் கிட்டே போய்ப் பார்க்கின்றன. கிட்டே போனால் அவனுடைய சுழல்நாற்காலி கிறீச்சிடுகிறது. மிரட்டும் விளக்குகள் கல்யாணப் பந்தலில் போடும் சீரியல் பல்புகளாக இருக்கின்றன. டிபன் கேரியரில் மறைத்த வயர்லெஸ்ஸில் சாம்பார் கொட்டிப் பேச்சு நின்றுபோகிறது. பயமுறுத்துகிறவனுக்கும் வியர்க்கும், பசிக்கும், சாவி தொலையும். அறுபதுகளில் உலகமே அணுகுண்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தபோது இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். "எவனோ எங்கியோ ஒக்காந்துகினு பட்டன அமுக்கப் போறான்னு அல்லாரும் பயந்துகினு கெடந்த டைமு. அப்ப ஒரு புண்ணியவான், அந்தப் பட்டனே வேல செய்யலன்னு ஒரு சீனு வெச்சான் பாரு, அவன் கைக்கு மோதரம் போடணும்" என்பார் மெஹரம்மா.

அவருடைய காட்சிகளுக்கு ஒரே ஒரு விதி உண்டு. படத்தில் வில்லன் முதல் தடவை வரும்போதும், பிறகு ஒவ்வொரு தடவை அவன் அறைக் கதவு திறக்கும்போதும், பார்ப்பவர்கள் எல்லாரும் எழுந்து நின்று இரண்டு கைகளையும் கூப்பி "வணக்கம் பாஸ்" என்று சொல்ல வேண்டும். கதாநாயகனுக்கு யாரும் எழ வேண்டாம். "அவனுக்கு அழகு கீது, பொண்ணு கீது, காரு கீது. வில்லனுக்கு இன்னா கீது? மரியாத மட்டுந்தான். அத்த நாம குறையில்லாம குடுத்துருவோம்." எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் எங்கள் முழங்கால்களெல்லாம் பயிற்சி பெற்றன.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். அறுபதுகளில் போர் நடந்துகொண்டிருந்த சமயம். ஊரெல்லாம் ஒற்றர்கள் புகுந்துவிட்டதாகப் பேச்சு. தையல்கடை பாய் ராத்திரியில் ரேடியோ கேட்கிறார் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் போலீஸிலிருந்து இரண்டு பேர் கடைக்கு வந்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டார்கள். கோட்டுக்காகச் சாக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்த ஒரு துணி அவர்கள் கையில் கிடைத்தது. அதை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள்.

"இது எந்த ஊரு மேப்புடான்னு கேட்டானுங்க. அத்தா கைய கட்டிகினு சொன்னாரு, 'எடது கை சார். கல்யாண மாப்ளயோடது.' நான் கடை வாசல்லியே நின்னுகினு இருந்தேம்மா. எனக்குச் சிரிப்பும் வரல, ஒண்ணும் வரல."

குற்றம் எதுவும் இல்லை என்று போய்விட்டார்கள். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் மறுநாளே துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்களும் வரவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் கடையைக் கடக்கும்போது வேறு பக்கம் பார்த்தார்கள். அத்தா காலையில் கடையைத் திறந்து, சும்மாவே உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் மூடுவார். அப்படி எத்தனையோ நாள். அந்த நிலைமையில் ஊர்க் கொட்டகைக்கு ஓர் உளவாளி நையாண்டிப் படம் வந்தது. அத்தா மகளைக் கூட்டிக்கொண்டு போனார். துப்பறிபவர்கள் இருவர் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒரு தோசையை ஆராய்ந்தார்கள். அத்தா சிரிக்க ஆரம்பித்தார். முன்வரிசையில் கடைவீதிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சிரிப்பதைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் சிரித்தார்கள்.

"அடுத்த வாரம் ரெண்டு பேரு துணி எட்த்துகினு வந்தாங்க. மன்னிப்புலாம் ஒண்ணும் கேக்கல. சட்டை தெக்கணும் பாய்னாங்க, அவ்ளோதான்" என்றார் மெஹரம்மா. "ஒண்ணா ஒக்காந்து சிரிச்சப்பறம் ஒருத்தன சந்தேகப்படறது கஷ்டம்மா. அதுக்குத்தான் பக்கத்துல பக்கத்துல ஒக்காரணுன்றேன்."

பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதை அவர் உண்மையாகவே நடத்தினார். அரங்கில் கருநீல உறை போட்ட நல்ல நாற்காலிகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவற்றில் எங்களோடு காமாட்சியும், மற்ற வீடுகளில் வேலை செய்யும் பெண்களும், தோட்டக்காரரும், ஓய்வாக இருந்தால் காவலாளியும் உட்காருவார்கள். ஆரம்பத்தில் அவர்கள் சுவரோரம் தரையில்தான் உட்காரப் போனார்கள். மெஹரம்மா மைக்கிலேயே அதட்டினார்: "காமாட்சி! கீய ஒக்காந்தா வில்லன் வரும்போது ஒன்ன யாரு தூக்கி வுடறது? மேல ஒக்காரு." இதற்கு முகம் சுளித்தவர்கள் எங்களில் இருந்தார்கள். சில பேர் வராமல் நின்றுவிட்டார்கள். மெஹரம்மா அவர்களைக் கூப்பிடவும் இல்லை, இவர்களை இறக்கவும் இல்லை.

செயலாளருக்குக் கேமராத் திரையில் இது தெரியாமல் இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்துவிட்டார். அரங்கின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு, கண்டிக்கிற முகத்தோடு அவர் உள்ளே கால் வைத்த அதே நொடியில் திரையில் வில்லனின் அறைக் கதவு திறந்தது. வழக்கம்போல நாங்கள் அத்தனை பேரும் தடதடவென்று எழுந்து நின்றோம். கைகளைக் கூப்பி ஒரே குரலில் வணக்கம் சொன்னோம்.

மனிதர் அப்படியே நின்றுவிட்டார். இப்படி ஒரு மரியாதையை அவர் எதிர்பார்க்கவில்லை. முகம் இளகியது. வலது கையை லேசாக உயர்த்தி, "பரவால்ல பரவால்ல, உட்காருங்க" என்றார். மெஹரம்மா துளியும் அசையாமல் மைக்கில், "சாருக்கு ஒரு சேரு" என்றார். காலியாக இருந்த நாற்காலி காமாட்சிக்குப் பக்கத்தில்தான். செயலாளர் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் படத்தைப் பார்த்தார். ரகசிய ஆயுதத்தைத் திறக்கும் சாவியை வில்லன் தொலைத்துவிட்டு, அடியாட்களை வரிசையாக நிற்க வைத்துச் சட்டைப்பைகளைத் துழாவினான். "பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல வுட்டுட்டியா பாரு" என்றார் மெஹரம்மா. செயலாளர் சிரித்தார். நான் பின்வரிசையிலிருந்து கண்ணால் பார்த்தேன். தோள் குலுங்கச் சிரித்தார். காமாட்சியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், காமாட்சியும் அவரைப் பார்த்துச் சிரித்தார். அப்போது வில்லனின் கதவு மறுபடியும் திறந்தது. நாங்கள் மறுபடியும் எழுந்தோம். "வணக்கம் பாஸ்!"

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. முகம் சிவந்து, எழுந்து வெளியே போனார்.

மறுநாள் நோட்டீஸ் வந்தது. அரங்கம் இனி பயனுள்ள நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே, பணியாளர்கள் அரங்க நாற்காலிகளில் உட்காரக் கூடாது. கதவுக்குப் பூட்டும் வந்தது. நாங்கள் வணக்கம் சொன்னதை அவர் மறந்திருப்பார் என்றே இப்போதும் நினைக்கிறேன். காமாட்சியைப் பார்த்துத் தான் சிரித்ததைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

பொதுக்குழுவில் மெஹரம்மா பேசினார். எக்ஸ்சேஞ்சில் பேசிய அந்தப் பளிச்சென்ற தமிழில்தான் தொடங்கினார். "தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, வணக்கம். நாற்காலி என்பது உட்காருவதற்கான பொருள் என்று நான் இதுவரை நம்பியிருந்தேன்." கொஞ்ச நேரத்தில் தமிழ் ஊருக்குத் திரும்பியது. "சார், நீங்க கேமராவுல காமாட்சி ஒக்காந்தத பாத்தீங்க. சரி. நீங்க பக்கத்துல ஒக்காந்து சிரிச்சது அதுல கீதா? இருந்தா போட்டுக் காட்டுங்களேன். இத்தினி வருசத்துல நீங்க சிரிச்சி நாங்க பாத்ததே இல்ல. நல்லா இருந்திச்சி சார், நெஜமாத்தான் சொல்றேன்."

கூடம் சிரித்தது. ஆனால் சிரித்தவர்களில் பாதிப் பேர் கை தூக்கும்போது செயலாளர் பக்கம் தூக்கினார்கள். நாற்காலித் தடை நிறைவேறியது. அன்று எனக்கு மனிதர்கள் மேலேயே வெறுப்பாகிவிட்டது. படியேறும்போது மெஹரம்மாவிடம் சிடுசிடுத்தேன். "ஒன்றாகச் சிரித்தால் சரியாகிவிடும் என்றீர்களே, என்ன ஆயிற்று? சிரித்துவிட்டுத்தானே பூட்டினார்?"

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். "அவுரு பாதிதாம்மா சிரிச்சாரு. அதுக்குள்ள கதவு தெறந்துகிச்சி. மீதி அவுருக்குள்ளயே கீது, எங்க போயிடப் போவுது? நீ தப்பு கண்டுபிடிக்கறதுக்குச் சம்பளம் வாங்கறவ. ஒனுக்குப் பொறுமை கெடையாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய கார் பார்க்கிங் வேலைக்கு வந்தது. பத்திரத்தில் அவர் பெயரில் உள்ள இடம். அங்கே கார் நிறுத்தலாம், நிறுத்தாமலும் இருக்கலாம். திரைக்காகச் சுவரில் வேட்டியைக் கட்டினார். வீட்டில் இருந்த ஸ்டூல், மோடா, பிளாஸ்டிக் சேர் எல்லாம் இறங்கின. அவரவர் வீட்டிலிருந்து அவரவர் கொண்டு வந்தோம். இடம் போதாமல் போனபோது பக்கத்து வீட்டுக்காரர் தன் காரை நகர்த்திக் கொடுத்தார். கை தூக்கும்போது செயலாளர் பக்கம் தூக்கியவர் அவர். மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தோண்டும் சத்தம் காதைப் பிளக்கும். "வில்லனோட சுரங்கம் தயாராவுதுபா" என்பார் மெஹரம்மா. அந்த இடத்தை நோக்கி ஒரு புதுக் கேமரா திரும்பியது. படம் தொடங்குமுன் அதற்கு ஒரு கைகூப்பு போட்டுவிட்டுத்தான் மைக்கை எடுப்பார்.

ஆனாலும் அரங்கத்தை அவர் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு பொதுக்குழுவிலும் எழுந்து அதே கேள்வியைக் கேட்டார். ஒவ்வொரு முறையும் தோற்றார். "இங்க எல்லாரும் ஒக்காந்துதான் பாக்கறோமே, அப்புறம் எதுக்கு அந்த நாற்காலி?" என்று ஒருமுறை நானே கேட்டேன். "இது எடம் இல்லாதவன் போட்டுக்கற எடம். அது நமக்குன்னு கட்டன எடம். காமாட்சி அந்தச் சேர்ல ஒக்காரணும். அத்தப் பாத்துட்டுத்தான் நான் போவேன்" என்றார். பார்க்காமலே போய்விட்டார். கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அவர் குரல் கணீரென்றுதான் இருந்தது. வில்லனின் தீவு வெடித்துச் சிதறியபோது, "டெபாசிட்டு திரும்பி வராது, வாங்க போலாம்" என்று படத்தை முடித்தார். நான் அவர் வாயால் கேட்ட கடைசிப் பேச்சு அது.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் ஷமீம் வந்துவிட்டார். உறவினர்கள் பூந்தமல்லியிலிருந்தும் குமணன்சாவடியிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள். மூன்றாவது மாடி வீட்டில் இடம் போதவில்லை. வருகிறவர்கள் உட்காருவதற்காகச் செயலாளரே கீழே அரங்கைத் திறந்துவிட்டார். அதைச் சொல்லத்தான் வேண்டும். மின்விசிறிகளைப் போட்டு, தண்ணீர்க் கேன் வரவழைத்து, தானே நின்று கவனித்துக்கொண்டார்.

காமாட்சியும் மற்ற பெண்களும் மேலே போய்ப் பார்த்துவிட்டு அழுதபடியே இறங்கி வந்தார்கள். அரங்க வாசலில் கொஞ்சம் தயங்கினார்கள். பிறகு காமாட்சி உள்ளே போய் முன்வரிசையில் ஒரு கருநீல நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பின்னால் மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். தோட்டக்காரரும் உட்கார்ந்தார். சங்கத்துக்காரர் ஒருவர் செயலாளரின் முகத்தைப் பார்த்தார். செயலாளர் அருகே வந்து, தாழ்ந்த குரலில், இரக்கமாகவே சொன்னார்: "இருக்கட்டும். இன்னிக்கு ஒரு நாள்தானே."

காமாட்சி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "இன்னா சார் ஒரு நாளு? நான் ஒரு நாளைக்குன்னு ஒக்காரல. எங்கம்மா மேல செத்துக் கெடக்குது. அதும் உசிரோட இருக்கசொல்ல இந்தச் சேர்ல என்ன ஒக்கார வெக்கணும்னு எவ்ளோ சண்ட போட்டுது. நான் ஒக்காந்துட்டேன் சார். இனிமே எய்ந்திரிக்க மாட்டேன்."

செயலாளரின் முகம் சுருங்கியது. அது கோபமா வேறு ஏதாவதா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. எங்களை விட்டு விலகிப் போய் வாசல் பக்கமாக நின்றுகொண்டார்.

சாயங்காலம் மெஹரம்மாவின் உடலைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்து இறக்கிக்கொண்டு வந்தார்கள். அரங்கில் இருந்த எல்லாரும் எழுந்து வெளியே வந்து நின்றோம். கலிமா சொல்லியபடி ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிப் போனார்கள். தோட்டக்காரர் தோள் கொடுத்தார். வெளிக்கதவு வரை செயலாளரும் கொடுத்தார். பூந்தமல்லிப் பள்ளிவாசலை நோக்கி, தோண்டிப் போட்ட சாலையோரமாக ஊர்வலம் திரும்பி மறையும்வரை பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இனி அங்கே இருக்க யாருக்கும் ஒரு காரணமும் இல்லை. வேலை வீடுகள் காத்திருந்தன. சங்கத்துக்காரர் அரங்கத்தின் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கதவருகே வந்து நின்றார். காமாட்சி அவரைக் கடந்து திரும்ப உள்ளே நடந்தார். அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக மற்றவர்களும் போனார்கள். ஷமீம் போனார். நானும் போய் காமாட்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாவியோடு நின்றவர் மின்விசிறியை நிறுத்திப் பார்த்தார். புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். விளக்கை அணைத்தார். அரை இருட்டில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து, வாசலில் நின்ற செயலாளர் அவர் கையிலிருந்து சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, விளக்கைத் திரும்பப் போட்டுவிட்டுப் போனார்.

போய் வாருங்கள், மெஹரம்மா. காமாட்சி அந்தச் சேரில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டோம்.